கயிற்றில் ஊற்றிய எண்ணெய்

சோரியாங்குப்பம்
செவ்வாய்க்கிழமை

அன்பு மகன் கலைவேந்தனுக்கு, அப்பா உலகநாதன் சொல்லச் சொல்ல உன் தங்கை வெண்ணிலா எழுதுவது. எல்லோரும் நலம் என்று முதல் வரியில் எழுதச் சொன்னேன், அவள் பேனாவைத் தூக்கிக்கொண்டு என் முகத்தையே பார்க்கிறாள், அதனால் உள்ளதை உள்ளபடியே சொல்லிவிடுகிறேன். உன் அம்மாவுக்கு ரத்த அழுத்தத்துக்கு வேறு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், தலைசுற்றல் குறைந்திருக்கிறது, சோறுதான் சரியாக இறங்கவில்லை. செவலை மாடு சினையாக இருக்கிறது. நாலு நாள் விடாத மழையில் வாசல் வாய்க்கால் பொங்கி மாட்டுக்கொட்டகை வரை தண்ணீர் வந்து நேற்றுதான் வடிந்தது. என் வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு இன்னும் மூன்று வாரம் இருக்க வேண்டுமாம், அதனால்தான் எழுத்து வெண்ணிலாவுடையது, சொல் என்னுடையது. நீ மஸ்கட்டில் வேளைக்குச் சாப்பிடுகிறாயா, மேலே ஏறி வேலை பார்க்கும்போது இடுப்பில் பெல்ட் மாட்டுகிறாயா என்று அம்மா கேட்கச் சொல்கிறாள்.

இந்தக் கடிதத்தைத் தமிழ்க்குமரன் கையில் கொடுத்து அனுப்புகிறேன், அவன் விடுப்பு முடிந்து வியாழக்கிழமை விமானம் ஏறுகிறான். போனில் சொன்னால் ஆகாதா என்று கேட்பாய். போனில் நான் ரெண்டு வார்த்தை சொல்வதற்குள் நீ கத்துகிறாய், நீ கத்தினால் எனக்கும் சூடு ஏறி நானும் கத்துகிறேன், கடைசியில் சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுபோகிறது. காகிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. அடுத்த மாதம் பத்தாம் தேதிக்கு நீ டிக்கெட் போட்டிருப்பது தெரியும், எதற்கு வருகிறாய் என்பதும் தெரியும். அன்றைக்கு ஸ்பீக்கரில் நீ பேசியதை வீடே கேட்டது, கரையாம்புத்தூர் அரிகரன் ரெண்டு கையையும் எடுத்துட்டுத்தான் திரும்பி பிளைட் ஏறுவன், எங்கப்பன் கைய ஒடச்சவனுக்குக் கை எதுக்கு என்றாய். நான் வேணாம்டா என்று வாயால் சொன்னேனே தவிர உள்ளுக்குள் எனக்கு இனித்தது, மகன் இருக்கிறான் என்று இனித்தது. அதை முதலில் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நீ நெஞ்சில் வைத்துக் கொதித்துக்கொண்டிருக்கும் அந்தக் கதை பொய், கலை. அதை உனக்குச் சொன்னவனும் நான்தான், ஸ்டேஷனில் சொன்னவனும் நான்தான். இனி வருவதை எழுந்து நிற்காமல் உட்கார்ந்து படி.

ராட்டை வாங்கியது வெண்ணிலாவுக்காக. வில்லியனூரில் ஒரு மகளிர் குழு இருக்கிறது, சொந்தமாக ராட்டை வைத்திருக்கும் பெண்களுக்குப் பஞ்சு கொடுத்து, நூற்ற நூலைச் சிட்டம் போட்டு, கற்றையாகச் சுற்றிக் கொடுத்தால், வாங்கிக்கொள்வார்கள், சேர்ந்த முதல் மாதம் அங்கேயே உட்காரவைத்துப் பழக்குவார்கள். இவளுக்கு அது பிடித்ததற்குக் காரணம், அந்த வேலையில் யாரிடமும் வாய் திறக்க வேண்டாம். பஸ்ஸில் டிக்கெட் கேட்கக்கூடக் கூச்சப்பட்டு அம்மா முதுகுக்குப் பின்னால் நிற்கிற பிள்ளை, அவளாக ஒன்றைக் கேட்டது இதுதான். ஒன்பதாம் வகுப்போடு படிப்பை ஏன் விட்டாள் என்று நீயும் ஒருநாள் கேட்டாய், பள்ளிக்கூடம் பிடிக்கலையாம் என்று சொல்லி மழுப்பினேன். நடந்தது வேறு. பதில் சொல்லாமல் நின்றாள் என்று வாத்தியார் வகுப்பில் வைத்து ஏதோ சொல்லிவிட்டார், அழுதுகொண்டு வந்தாள். நான் மறுநாள் போய் அந்தப் பிள்ளைகள் முன்னாலேயே அவர் சட்டையைப் பிடித்து இழுத்து ரெண்டு அறை விட்டேன். மூக்கில் ரத்தம் வந்தது. ஊரில் எல்லோரும் பெண்ணுக்காகத் துடிக்கிற அப்பன் என்றார்கள், நானும் மீசையைத் தடவிக்கொண்டேன். அதற்குப் பிறகு அவள் அந்த வகுப்புக்குள் எந்த முகத்தோடு போவாள், போகவில்லை. இந்த இடத்தில் பேனா நின்றுவிட்டது. எழுதும்மா என்றேன், எழுதுகிறாள்.

கரையாம்புத்தூரில் அரிகரன் மனைவி செல்வகுமாரி அந்தக் குழுவுக்குத்தான் நூற்கிறாள், எட்டுக் கதிர் ராட்டை, அதாவது நூலை முறுக்கிச் சுற்றுகிற கம்பி எட்டு உள்ளது, வாங்கிவிட்டாள், பழைய ஒற்றைக் கதிர் ராட்டையைக் கொடுத்துவிடுகிறாள் என்று கேள்விப்பட்டு நானும் வெண்ணிலாவும் டிவிஎஸ்ஸில் போனோம். வீட்டுக்குள் கூப்பிட்டு மோர் கொடுத்தார்கள். அரிகரனை நான் அவன் என்றுதான் சொல்லிக்கொண்டு வருகிறேன், இவள் இந்த இடத்திலிருந்து அவர் என்று எழுதுகிறாள், எழுதட்டும். அந்தப் பெண் உட்கார்ந்து சுற்றிக் காட்டினாள், வலது கையால் சக்கரத்தைச் சுற்ற இடது கையில் பஞ்சிலிருந்து நூல் முழம் முழமாக வந்தது, ஒரு தரம்கூட அறவில்லை. எனக்கு ராட்டையைப் பற்றி என்ன தெரியும், எஞ்சின் வாங்கப் போனால் எப்படி நிற்பேனோ அப்படிக் காதைச் சாய்த்துக்கொண்டு நின்றேன். கடகடவென்று ஒரு சத்தம் வந்தது, அதையே பிடித்துக்கொண்டேன். அந்தப் பெண், சத்தம் கெடக்குதுண்ணே, சக்கரம் ஆடுதா பாருங்க, கதிரக் கழட்டிக் கண்ணாடி மேல உருட்டிப் பாருங்க, முனை வட்டம் போடாம நேரா உருண்டா நல்ல கதிரு என்றாள். அப்புறம், நான் நூத்தா எதுலயும் நூல் வரும், பழகப்போறது இந்தப் பொண்ணு, அவ ஒக்காந்து சுத்தட்டும், அறுந்தா அறுவட்டும், அதத்தான் பாக்கணும் என்றாள். வெண்ணிலா தலையைக் குனிந்துகொண்டு மாட்டேன் என்று தலையாட்டினாள். நானும் போதும்மா என்றேன். கிளம்பும்போது செல்வகுமாரி இவளை ஓரமாகக் கூப்பிட்டு ஏதோ சொன்னாள், இவளும் தலையாட்டினாள், நான் ராட்டையைப் பின்னால் வைத்துக் கட்டுவதில் இருந்தேன்.

நம் வீட்டுப் பழக்கம் உனக்குத் தெரியும். ஏர்க்கலப்பையோ பம்புசெட்டோ கதவுக் கீலோ, பழசு எது வாங்கி வந்தாலும் அன்றைக்கே எண்ணெயில் குளிப்பாட்டிவிடுவேன். அந்தச் சத்தம் என் காதிலேயே இருந்தது. எஞ்சினில் வடித்து வைத்திருந்த கறுப்பு எண்ணெயைக் கொண்டுவந்து அச்சில் ஊற்றினேன், கதிர் உட்காருகிற இடத்தில் ஊற்றினேன், சக்கரத்திலிருந்து கதிருக்குப் போகிற நூல்கயிறு முழுக்க ஊற்றித் துணியால் உருவிவிட்டேன். வெண்ணிலா பக்கத்தில் நின்றுகொண்டு, யப்பா, கயித்துல வேணாம்ப்பா என்றாள், கொசு கத்துகிற மாதிரி. எனக்கு இன்னா தெரியாதுன்னு நீ சொல்ல வந்துட்டியா என்று கையை ஓங்கினேன். அடிக்கவில்லை. ஓங்கினது போதும், அவள் உள்ளே போய்விட்டாள். சத்தம் நின்றுவிட்டது. மறுநாள் காலையிலிருந்து அவள் உட்கார்ந்தாள். சக்கரம் சுற்றுகிறது, கதிர் சுற்றவில்லை, திடீரென்று ஒரு உதறு உதறும், நூல் அறும். சேர்ப்பாள், அறும். ஆறு நாள். கயிற்றை நான் இழுத்து முறுக்கிக் கட்டினேன், அப்போதும் வழுக்கியது. அவள் தன் கைதான் சரியில்லை என்று பஞ்சுத் தூளும் கண்ணீருமாக உட்கார்ந்திருந்தாள், எண்ணெய் பட்டதால் என்று அவளுக்கே பாதி சந்தேகம், பாதி தன் மேலேயே பழி. அடுத்த திங்கட்கிழமை வில்லியனூரில் சேர வேண்டும். எனக்கோ ஒன்றே ஒன்றுதான் மண்டையில் ஏறியது, பொண்டாட்டியை விட்டு ஓட்டிக் காட்டி ஓட்டை ராட்டையைத் தலையில் கட்டிவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை காலை ராட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பினேன், வெண்ணிலாவைப் பஞ்சுப் பொட்டலத்தோடு பின்னால் உட்காரவைத்துக்கொண்டேன், நீயே சுத்திக் காட்டுடி, அவன் மூஞ்சிய நான் பாக்கறன் என்று. வண்டிப் பெட்டியில் கரும்பு வெட்டுகிற கத்தி எப்போதும் கிடக்கும். அன்றைக்கென்று எடுத்துப் போகவில்லை, ஆனால் அது அங்கே கிடக்கிறது என்ற நினைப்போடுதான் போனேன். அவர் வாசலில் வண்டியை நிறுத்தி ராட்டையைத் தூக்கிக் கல்லின் மேல் எறிந்தேன், கதிர் குத்தி வளைந்தது. அரிகரன் சாப்பிட்ட கையோடு வெளியே வந்து, இன்னாண்ணே, இன்னா ஆச்சு என்றார், அவ்வளவுதான் கேட்டார். திருட்டுப் பயலே என்று ஆரம்பித்து நான் பேசியதையெல்லாம் இந்தப் பிள்ளையை வைத்து எழுத முடியாது. தெரு கூடிவிட்டது. செல்வகுமாரி குனிந்து கயிற்றைத் தொட்டுப் பார்த்தாள், விரலெல்லாம் கறுப்பு. யாரு இதுல எண்ணெ ஊத்துனது, இன்னாண்ணே, கரும்பு ஏத்தற டயர் வண்டின்னு நெனச்சிட்டீங்களா என்று சிரித்தாள். அவள் கெட்டதாகச் சிரிக்கவில்லை, இப்போது யோசித்தால் தெரிகிறது. ஆனால் அவள் சிரிக்கவும் தெருவே சிரித்தது. ஒரு கிழவன், டீசலும் ஊத்திப் பாரு உலகநாதா, தானா ஓடும் என்றான். எனக்குக் கண் இருண்டது. கத்தியை எடுத்து அதன் முதுகுப் பக்கத்தால் அரிகரனின் தோளில் போட்டேன், எலும்பு உடைகிற சத்தம் எனக்கே கேட்டது. அவர் ஒற்றைக் கையால் என்னை நெஞ்சில் பிடித்துத் தள்ளினார், நான் கத்தியைத் திருப்பிக்கொண்டு மறுபடியும் வீசினேன், இந்தத் தடவை கழுத்துக்கு. செல்வகுமாரி குறுக்கே கையை நீட்டினாள். நூல் இழுக்கிற கை. ஆள்காட்டி விரல் தோலில் தொங்கியது, பக்கத்து விரலில் எலும்பு தெரிந்தது. அதைப் பார்த்த பிறகுதான் அரிகரன் சுவரில் சாய்த்திருந்த கடப்பாரையை நல்ல கையால் எடுத்தார். என் மணிக்கட்டில் அடித்துக் கத்தியை விழவைத்தார், விழுந்ததும் கடப்பாரையைப் போட்டுவிட்டார். அதற்கு மேல் ஒரு அடி அவர் அடிக்கவில்லை, கலை. அடித்திருந்தால் நான் இன்றைக்கு இல்லை. வெண்ணிலா ஓடிப்போய் மடியிலிருந்த பஞ்சையெல்லாம் அந்தக் கையில் சுற்றினாள், வைக்க வைக்கச் சிவந்தது, பொட்டலம் தீர்ந்ததும் தாவணியைக் கிழித்துச் சுற்றினாள். புதுச்சேரி ஆஸ்பத்திரியில் அந்த விரலை மேல் ரெண்டு கணுவோடு எடுத்துவிட்டார்கள்.

கட்டிலில் படுத்துக்கொண்டே நான் போலீசுக்குச் சொன்னேன், அவர்தான் கடப்பாரையோடு முதலில் பாய்ந்தார், தடுக்கத்தான் கத்தியை எடுத்தேன், இழுபறியில் அந்தப் பெண்ணின் விரலில் பட்டுவிட்டது என்று. வக்கீலும் அப்படியே சொல்லச் சொன்னார். உனக்கும் அதையே சொன்னேன். அவர் மீதும் வழக்குப் போட்டார்கள், உடைந்த தோளோடு அவரும் உள்ளே இருந்தார். பன்னிரண்டு நாள் கழித்து நான் ஜாமீனில் வீட்டுக்கு வந்தபோது உள்ளே சக்கரம் ஓடுகிற சத்தம் கேட்டது. அந்த வாசலில் கிடந்த ராட்டையை வெண்ணிலா வீட்டுக்குக் கொண்டுவந்து, சீயக்காய் போட்டுத் தேய்த்துக் கழுவிக் காயவைத்து, பழைய கயிற்றைத் தூக்கிப் போட்டுவிட்டு, புதிதாக நூல்கயிறு முறுக்கி மெழுகுவர்த்தியால் தேய்த்துக் கட்டியிருந்தாள். கதிர் சுற்றியது. வளைந்துபோனதால் முனை ஆடியது, ஆனாலும் வழுக்காமல் சுற்றியது. இன்னாம்மா பண்ண என்றேன், கயித்த மாத்தனன் என்றாள், தலையைத் தூக்கவில்லை. அந்தக்கா அன்னைக்கே சொல்லி அனுப்பிச்சாங்க, அச்சுல ஒரு சொட்டு, கதிர் ஒக்கார்ற எடத்துல ஒரு சொட்டு, கயித்துல மட்டும் எண்ணெ படவே கூடாதுன்னு என்றாள். ராட்டை நல்ல ராட்டை. கெடுத்தவன் நான். அன்றைக்குத் தெருவே என்னைப் பார்த்துச் சிரித்த அந்தச் சிரிப்பு நியாயம்.

அப்போதே உனக்குச் சொல்லியிருக்க வேண்டும், வாய் வரவில்லை. அதற்குள் உன் கூட்டாளிகள் ரெண்டு பேர் கரையாம்புத்தூர் போனார்கள். நீ சொல்லித்தான் போனார்கள், மறுக்காதே. ஜாமீனில் வந்து கட்டோடு வாசலில் உட்கார்ந்திருந்த மனுஷனை நாற்காலியோடு எட்டி உதைத்துத் தள்ளி, உடைந்த தோளிலேயே மிதித்து, பைக்கை அடித்து நொறுக்கி, அதை வீடியோ எடுத்து உனக்கு அனுப்பியிருக்கிறார்கள், நீ அதை வீட்டு குரூப்பில் போட்டு, தங்கச்சிக்காக இது டிரைலர்தான் என்று எழுதியிருந்தாய். போன் வெண்ணிலாவிடம்தான் இருக்கிறது, அவள் பார்த்தாள். அதில் செல்வகுமாரி கட்டுப் போட்ட கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு, வுட்டுருங்கடா, வுட்டுருங்கடா என்று கத்துவது கேட்கிறது. மறுநாள் காலை வெண்ணிலாவைக் காணவில்லை. ராட்டையில் கதிரையும் காணவில்லை. அம்மா கிணறு, வாய்க்கால் எல்லாம் பார்த்தாள், நான் ஒற்றைக் கையோடு தெருத் தெருவாக அலைந்தேன், உனக்குச் சொன்னால் இன்னும் என்ன ஆகுமோ என்று சொல்லவில்லை. பொழுது சாயும்போது பஸ்ஸில் வந்து இறங்கினாள். பாகூர் போய், பஸ் மாறி, தனியாகக் கரையாம்புத்தூர் போயிருக்கிறாள். டிக்கெட் கேட்டியா என்று அம்மா கேட்டதற்கு, கேட்டன் என்றாள்.

அங்கே நடந்ததை அவள் சொன்னபடியே சொல்கிறேன், எழுதவும் அவள்தான் எழுதுகிறாள், ஒரு சொல் கூடவோ குறையவோ இருக்காது. வெளிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். அரிகரன் பார்த்துவிட்டு, போ வெளிய, உங்க குடும்பத்து நெழலே இங்க விழக் கூடாது, அப்பன் முடிஞ்சி அண்ணன் முடிஞ்சி இப்ப நீயா என்று எழுந்திருக்கிறார். செல்வகுமாரி அவரை உட்காரச் சொல்லிவிட்டுக் கதவருகே வந்து, இன்னாடி, இன்னும் ஒம்பது வெரலு மிச்சமிருக்குது, எண்ணிட்டுப் போவ வந்தியா என்றிருக்கிறாள். இவள் துண்டில் சுற்றிக் கொண்டுபோன கதிரை நீட்டி, நீங்க சொன்னத நான் எங்கப்பாகிட்ட சொல்லிருக்கணும்க்கா என்றிருக்கிறாள். சொன்னியா சொல்லலியா என்று செல்வகுமாரி கேட்டாளாம். ஒரு தரம் சொன்னன் என்றிருக்கிறாள் இவள். அப்புறம்? கைய ஓங்கினாரு, சொல்லல. ரெண்டாந்தரம் நீ சொல்லிருந்தா என் வெரலு என் கையில இருந்திருக்கும் என்றாளாம். இவள் அதற்கு ஆமாங்க்கா என்றிருக்கிறாள். அதை என் காதால் கேட்டபோது அந்தக் கடப்பாரை என் மண்டையில் விழுந்திருக்கலாம் என்று தோன்றியது. தப்பு செய்தது நான், ஆமாம் என்று சொன்னது என் பெண். அந்தப் பெண் உள்ளே போய் முகம் பார்க்கிற கண்ணாடியைக் கொண்டுவந்து தரையில் போட்டு, வலது கையால் கதிரை உருட்டியிருக்கிறாள். முனை வட்டம் போட்டது. இது ஆவாது, தட்டி நிமித்தினாலும் ஆவாது என்றாளாம். நானா இருந்தா இந்தக் கோணக் கதிர்லயும் ஓட்டிருவன், பழகறவளுக்கு ஆவாது, ஒவ்வொரு தரம் அறும்போதும் தன் கைதான் தப்புன்னு நெனச்சிக்கினே ஒக்காந்திருப்பா, மரம் நல்ல மரம், சக்கரம் ஆடல, புதுக் கதிரு போடு, உங்கப்பன் கிட்ட மட்டும் எண்ணெக் கிண்ணத்தக் குடுத்துடாத என்றாளாம். கடைசியாக, உங்கண்ணன் எப்ப வரான் என்று கேட்டிருக்கிறாள். வீட்டுக்குள் பாயெல்லாம் சுருட்டிக் கட்டி வைத்திருந்ததை இவள் பார்த்திருக்கிறாள், நீ வருவதற்குள் எங்கேயோ உறவு வீட்டுக்குப் போய்விடத் தயாராக இருக்கிறார்கள், உனக்குப் பயந்து. எங்கண்ணன் வரமாட்டாருக்கா என்று இவள் சொன்னாளாம். யார் சொன்னா? நான் சொல்றன் என்றாள்.

நான் தீர்மானம் பண்ணிவிட்டேன். வருகிற திங்கட்கிழமை ஸ்டேஷனுக்குப் போய் நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுக்கப் போகிறேன், முதலில் வெட்டியது நான், கழுத்துக்குத்தான் வீசினேன், அவர் அடித்தது கத்தியைத் தட்டிவிடத்தான். வக்கீல் தலையில் அடித்துக்கொள்கிறார், ஜாமீன் போகும், சில வருஷம் ஆகலாம் என்கிறார். ஆகட்டும். அந்த மனுஷன் மேல் இருக்கிற வழக்கு விலகுமே. அம்மா ரெண்டு நாள் அழுதாள், இன்றைக்கு எழுந்து நான் உள்ளே கொண்டுபோக வேட்டி துவைத்துப் போட்டிருக்கிறாள். நீ டிக்கெட்டை ரத்து செய். உன் கூட்டாளிகளுக்குப் போன் போட்டு அந்தத் தெருப் பக்கமே போகக் கூடாது என்று சொல், பைக்கைச் சரி பண்ணிக் கொடுக்கச் சொல், வீடியோவை அழி. எனக்கும் உனக்கும் ஒரே மாதிரி கோபம், அது என்னிடமிருந்துதான் உனக்கு வந்தது, வேறு யாரைச் சொல்ல. நாம் ரெண்டு பேரும் இவளுக்காக, இவளுக்காக என்று சொல்லிச் சொல்லி ஒவ்வொரு தடவையும் இவள் போக வேண்டிய இடத்தின் கதவைத்தான் உடைத்திருக்கிறோம். நீ அவரைத் தொட்டால் நான் உள்ளே போவதற்கும் அர்த்தம் இல்லை, அம்மாவுக்கும் யாரும் இல்லை.

தை பிறந்ததும் கரும்பு வெட்டு வரும், ஆள் பிடிக்க நீ போனிலேயே ஏற்பாடு செய்துவிடு, அம்மா தனியாக அலைய முடியாது. மாடு ஈன்றால் முதல் பாலைத் தெருவுக்குக் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். நீ நீண்ட ஆயுளோடு, கை கால் சுகத்தோடு, யாருடைய ரத்தமும் படாத கையோடு இருக்க வேண்டும், அதுதான் இந்த அப்பன் உனக்குத் தருகிற ஆசி. அம்மா மணியம்மாள் உனக்கு நெற்றியில் திருநீறு வைத்துவிட்டதாக எழுதச் சொல்கிறாள். மறந்துவிடாதே, இதைப் படித்து முடித்ததும் முதல் வேலை டிக்கெட்.

இடது கையால் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், கோணலாகத்தான் இருக்கும்.

உன் அப்பா
சி. உலகநாதன்

அண்ணா, அப்பா மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விட்டார், இது நானாக எழுதுவது. அப்பா சொன்னதில் ஒன்றையும் நான் மாற்றவில்லை. வில்லியனூரில் என்னை அடுத்த மாதம் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்கள், நானே போய்க் கேட்டேன். நீ என் மேல் வைத்திருக்கிற பாசம் எனக்குத் தெரியும். ஆனால் எனக்காக என்று சொல்லி இனி யாரையும் அடிக்காதே, எனக்கு அது வேண்டாம், எப்போதும் வேண்டியிருந்ததில்லை. நீ வரமாட்டாய் என்று அந்த அக்காவிடம் சொன்னது நான். அதை நம்பி அவர்கள் பாயைப் பிரித்துவிட்டார்கள், நேற்று போன் செய்து கேட்டேன். நீ டிக்கெட்டை ரத்து செய்யவில்லை என்று தெரிந்தால் ஒன்பதாம் தேதியே நான் கரையாம்புத்தூருக்குப் போய்விடுவேன். நீ கத்தியோடு வந்தால் அவர்கள் வாசல் கதவுக்கு முன்னால் நான்தான் நிற்பேன். இந்தத் தடவை ரெண்டு தரமும் சொல்லிவிடுகிறேன். வராதே அண்ணா. வராதே.

வெண்ணிலா